எரிபொருள் பம்பின் சவ்வும் நம் பால்மரமும்



சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வெட்டிய பால், உலகத்து வண்டிகளுக்குச் சக்கரமாயிற்று என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதே வண்டியில் அந்தப் பால் நுழைய முடியாத இடமும் ஒன்று உண்டு. அதுவே எரிபொருள் பம்பு.

1908இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' வகை மகிழுந்துக்குப் பம்பு கிடையாது. இருக்கைக்கு அடியிலிருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கியது. தொட்டியில் எண்ணெய் குறைந்தால் செங்குத்தான மேட்டில் வண்டி நின்றுவிடும். ஓட்டுநர்கள் பின்புறமாகவே மேடேறினர். 1920களின் இறுதியில் இக்குறையைப் போக்கும் இயந்திரப் பம்பு பரவியது. நெம்புகோல் ஒன்று மெல்லிய சவ்வை மேலும் கீழும் அசைக்க, பெட்ரோல் உறிஞ்சப்பட்டு கார்புரேட்டருக்குச் செல்லும்.

இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். ஆகவே தொடக்கத்தில் பதப்படுத்திய துணியே சவ்வாயிற்று. 1930களில் ஜெர்மனியில் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் உருவானது. பின்னாளில் அதுவே சவ்வுக்கு உரிய பொருளாயிற்று.

1941 டிசம்பரில் ஜித்ரா வீழ்ந்தது. கெடா ஜப்பானியர் வசமானது. தோட்டத் தமிழர் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மலாயா ரப்பர் கிடைக்காத அமெரிக்கா, 1945இல் ஆண்டுக்கு 7 இலட்சம் டன்னுக்கு மேல் செயற்கை ரப்பர் உற்பத்தி செய்தது. போர் முடிந்தும் அந்தப் போட்டி முடியவில்லை. விலை வீழ்ச்சியும் செம்பனையின் வரவும் சேர, பால்மரங்கள் பல அழிந்தன. மக்கள் பட்டணம் பெயர்ந்தனர்.

1985 ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான முதல் புரோட்டோன் சாகாவிலும் இத்தகைய இயந்திரப் பம்பே இருந்தது. அது போதிய எண்ணெய் தருகிறதா என்பதைப் பெரியவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். அருகில் நெருப்போ சிறுவர்களோ இருத்தலாகாது. தீப்பொறி எழாதவாறு காயில் இணைப்பைக் கழற்றுக. கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயை எடுத்து, அளவு குறித்த புட்டியில் விடுக. சாவியைத் திருப்பிச் சில வினாடிகள் இயந்திரத்தைச் சுழற்றி, விழுந்த அளவைக் கையேட்டோடு ஒப்பிடுக. எண்ணெய் விட்டுவிட்டு வேகமாகப் பீறிட்டால் பம்பு நன்று. குறைந்தால், முதலில் வடிகட்டியையும் குழாயையும் பாருங்கள். பிறகே சவ்வு கிழிந்ததா என ஐயுறுங்கள். கிழிந்த சவ்வு இயந்திர எண்ணெயில் பெட்ரோலைக் கலக்கும். அளவுகோலை முகர்ந்தாலே தெரியும். இக்கால மகிழுந்துகளில் மின்பம்பு உயர் அழுத்தத்தில் இயங்குவதால் அவற்றின் குழாயைத் தொடாது பட்டறைக்கே விடுவது அறிவுடைமை.

வகுப்பில் பெட்ரோல் வேண்டா. ரப்பர் வளையம் ஒன்றைச் சமையல் எண்ணெயில் சில நாள் ஊறவிட்டு, ஊறாத வளையத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அது உப்பியிருப்பதைக் காணும் மாணவனுக்கு, தன் பாட்டன் வெட்டிய பாலின் வலிமையும் எல்லையும் ஒருசேர விளங்கும். தோட்டம் ஏன் மறைந்தது என்னும் கேள்விக்கு விடை சொல்லவும் அங்கிருந்தே தொடங்கலாம்.