ஐ.என்.எஸ். சக்ரா (நெர்பா)

ஐ.என்.எஸ். சக்ரா, 2012 முதல் 2021 வரை இந்தியக் கடற்படையில் பணியாற்றிய அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கிக் கப்பல். ரஷ்யாவில் ‘கே-152 நெர்பா’ என்ற பெயரில் கட்டப்பட்டு, பத்தாண்டுக் குத்தகையில் இந்தியாவுக்கு வந்தது. நெர்பா என்பது பைக்கால் ஏரியில் வாழும் கடல்நாய் வகையின் பெயர். அணுசக்தி நீர்மூழ்கியைக் கட்டவும் இயக்கவும் இந்தியா கற்றுக்கொண்ட வரலாற்றில் இக்கப்பலுக்கு முக்கிய இடம் உண்டு.

பின்புலம்

டீசல்-மின்சார நீர்மூழ்கி, மின்கலங்களை மின்னேற்றம் செய்ய அடிக்கடி நீர்ப்பரப்பை ஒட்டி வந்து காற்றை உள்ளிழுக்க வேண்டும். எதிரியின் கண்ணில் படுவதற்கு அதுவே பெரும்பாலும் காரணமாகிறது. அணு உலைக்குக் காற்று தேவையில்லை. உலையின் வெப்பம் நீரை நீராவியாக்க, நீராவி விசைச்சுழலியை ஓட்ட, அது கப்பலின் உந்தியைச் சுழற்றுகிறது. குடிநீரையும் சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜனையும் கடல்நீரிலிருந்தே தயாரித்துக்கொள்ளலாம். எனவே நீருக்கடியில் தங்கும் காலத்தைத் தீர்மானிப்பவை உணவிருப்பும் மாலுமிகளின் தாங்கும் திறனும் மட்டுமே.

இந்தியா இத்தகைய கப்பலை முதலில் இயக்கியது 1988-இல். சோவியத் ஒன்றியத்திடம் குத்தகைக்குப் பெற்ற கே-43 என்ற நீர்மூழ்கி ‘சக்ரா’ என்னும் பெயரில் 1991 வரை பணியாற்றியது. அதன் தலைவராக இருந்த ஆர். என். கணேஷ், பின்னாளில் உள்நாட்டு அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்துக்கே தலைமை வகித்தார். 2012-இல் வந்த நெர்பாவும் அதே பெயரைப் பெற்றதால் ‘இரண்டாம் சக்ரா’ எனக் குறிப்பிடப்படுகிறது.

கட்டுமானம்

நெர்பாவின் கட்டுமானம் 1993-இல் ரஷ்யாவின் தூரக்கிழக்கிலுள்ள கொம்சோமோல்ஸ்க் நகரின் அமூர் கப்பல் கட்டும் தளத்தில் தொடங்கியது. சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு ஏற்பட்ட பண நெருக்கடியால் வேலை பல ஆண்டுகள் தடைபட்டது. இந்தியா நிதியளித்துக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ள 2004-இல் உடன்பட்ட பிறகே பணி மீண்டும் வேகம் பெற்றது. 2006 ஜூன் 24 அன்று கப்பல் நீரில் இறக்கப்பட்டது.

இது ‘அகுலா’ என்று நேட்டோ நாடுகள் அழைக்கும் வகையைச் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 110 மீட்டர். மூழ்கிய நிலையில் இதன் இடப்பெயர்ச்சி 12,000 டன்னுக்கும் மேல். ஓர் அழுத்த நீர் அணு உலை, எட்டு டார்பிடோ குழாய்கள், சுமார் 600 மீட்டர் ஆழம் வரை செல்லும் திறன் ஆகியவை இதன் சிறப்புகள். அந்த ஆழத்தில் கப்பலின் உடல், கடல் மட்டத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ 60 மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.

2008 விபத்து

2008 நவம்பர் 8 அன்று ஜப்பான் கடலில் சோதனை ஓட்டத்தின்போது தீயணைப்பு அமைப்பு திடீரென இயங்கி, பெட்டிகளுக்குள் வாயுவை நிரப்பியது. தீ எதுவும் பற்றியிருக்கவில்லை. அணு உலைக்கும் பாதிப்பில்லை. ஆனால் 20 பேர் மூச்சுத்திணறி இறந்தனர். அவர்களில் 17 பேர் கப்பல் கட்டும் தளங்களைச் சேர்ந்த குடிமக்கள். சுமார் எண்பது பேர் பணியாற்ற வேண்டிய கப்பலில் சோதனைக்காக அன்று 208 பேர் இருந்தனர். அவர்களில் பலருக்கு அவசரகாலச் சுவாசக் கருவிகளைப் பயன்படுத்திப் பழக்கமில்லை. தீயணைப்பு வாயுவில் நச்சுத்தன்மை கொண்ட வேறொரு வேதிப்பொருள் கலந்திருந்ததும் பின்னர் தெரியவந்தது. பழுதுகள் சரிசெய்யப்பட்ட பின் 2009 டிசம்பரில் கப்பல் ரஷ்யக் கடற்படையில் சேர்க்கப்பட்டது.

இந்தியக் கடற்படையில்

2012 ஜனவரியில் கப்பல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏப்ரல் 4 அன்று விசாகப்பட்டினத்தில் பாதுகாப்பு அமைச்சர் ஏ. கே. அந்தோணி அதைப் பணியில் சேர்த்தார். கேப்டன் பி. அசோகன் அதன் முதல் இந்தியத் தலைவர். அணு ஆயுதங்களை ஏந்தாத இக்கப்பலின் வேலை, எதிரிக் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் தேடித் தொடர்வது. அணு ஆயுத ஏவுகணைகளுடன் மறைந்திருக்கும் ஐ.என்.எஸ். அரிஹந்த் போன்ற கப்பல்களின் பணி இதிலிருந்து வேறுபட்டது.

2017-இல் சோனார் கருவியை மூடியிருக்கும் முன்பகுதி சேதமடைந்து பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. 2021 ஜூனில் கப்பல் ரஷ்யாவுக்குப் புறப்பட்டது.

தமிழ்நாட்டுத் தொடர்பு

அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தின் இரு தூண்கள் தமிழ்நாட்டில் உள்ளன. அரிஹந்துக்கான அணு உலையின் முன்மாதிரி கல்பாக்கத்தில் நிலத்தின் மீதே அமைக்கப்பட்டு, 2003-இல் தொடர்வினை நிலையை எட்டி, 2006-இல் முழு இயக்கத்துக்கு வந்தது. கப்பலில் பொருத்தும் முன் உலையின் நடத்தையை அறியவும், இயக்குபவர்களைப் பயிற்றுவிக்கவும் அது உதவியது.

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் இயங்குகிறது. வழக்கமான வானொலி அலைகள் கடல்நீரை ஊடுருவுவதில்லை. மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள் மட்டும் சில மீட்டர் ஆழத்துக்குச் செல்வதால், மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப இந்நிலையம் பயன்படுகிறது.

வரலாற்று முக்கியத்துவம்

குத்தகைக் கப்பலைத் திருப்பித் தர வேண்டும். அதில் பெற்ற பயிற்சியைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இரண்டு சக்ராக்களும் இந்திய மாலுமிகளுக்கு அணு உலையுடன் கடலில் வாழும் அனுபவத்தைத் தந்தன. ஆனால் குத்தகை முடிந்தபோதெல்லாம் தாக்குதல் நீர்மூழ்கிக்கான இடம் காலியானது. மற்றொரு அகுலா வகைக் கப்பலைக் குத்தகைக்கு எடுக்க 2019-இல் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2024 அக்டோபரில் இரண்டு தாக்குதல் நீர்மூழ்கிகளை உள்நாட்டிலேயே கட்டுவதற்கு மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு ஒப்புதல் அளித்தது. இவை நிறைவேறும்போது, இவ்வகைக் கப்பலைத் திருப்பிக் கொடுக்கும் தேதி இன்றி இந்தியா முதன்முறையாக இயக்கும்.