கொழும்புப் பூக்களும் கிரேக்கத் தாவர நூல்களும்

வெள்ளவத்தை வீட்டு முற்றங்களிலும் கொட்டாஞ்சேனைக் கோயில்களின் நந்தவனங்களிலும் வழக்கமாகக் காணப்படும் செவ்வரத்தை, அலரி, துளசி ஆகிய மூன்றின் தாவரவியற் பெயர்களும் கிரேக்க மூலம் உடையவை. துளசியின் இனப்பெயரான ஒசிமம், அரிஸ்டோட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் எழுதிய நூலில் அதன் உறவுச் செடி ஒன்றுக்கு வழங்கிய பெயராகும். அலரியை கி.பி. முதலாம் நூற்றாண்டு மருத்துவர் டயஸ்கொரிடீஸ் 'நேரியன்' என்ற பெயரில் விவரித்துள்ளார். ரோஜாவை ஒத்த பூ, கொம்பு போன்ற காய், அதனுள் பஞ்சு, நாயையும் கழுதையையும் கொல்லும் நஞ்சு என அவர் தரும் அடையாளங்கள் யாவும் இன்றும் பொருந்துகின்றன. மஞ்சள் அலரி அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு செடி. அதைக் கிரேக்கர் அறிந்திருக்க வழியில்லை. செவ்வரத்தையையும் அவர்கள் அறியவில்லை. சதுப்பு நிலத்து மூலிகை ஒன்றுக்கு அவர்கள் இட்ட பெயரையே சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 'ஹிபிஸ்கஸ்' என்று இதற்குச் சூட்டினார்.

தாமரையின் கதை இதற்கு நேர்மாறானது. தியோபிராஸ்டஸ் அதை எகிப்தின் நீர்நிலைகளில் வளரும் அவரை என்று கருதி மிக நுணுக்கமாக எழுதினார். தண்டு விரல் பருமன். நீளம் நான்கு முழம் வரை. அதன் தலை வட்டமான குளவிக்கூட்டைப் போன்றது. ஒவ்வோர் அறையிலும் ஒரு விதை, கூடினால் முப்பது. பூ ரோஜா நிறம். முள் கண்ணில் குத்திவிடும் என்று அஞ்சி முதலை இச்செடியை அணுகாது என்றும் சேர்த்துள்ளார். முதலைச் செய்தி எப்படியிருப்பினும், குளவிக்கூட்டு உவமை தாமரைப் பொகுட்டைப் பார்த்த எவருக்கும் உடனே விளங்கும்.

கிரேக்கப் பெயர்கள் இலங்கைச் செடிகளோடு இணைந்ததில் கொழும்புக்கும் பங்குண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக 1672இல் இலங்கைக்கு வந்த பவுல் ஹேர்மன், கொழும்பைச் சுற்றிலும் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, தாள்களில் ஒட்டி, உள்ளூர்ப் பெயர்களையும் குறித்து வைத்தார். 1695இல் அவர் இறந்த பின் பல ஆண்டுகள் காணாமற்போயிருந்த அந்தத் தொகுதிகள், 1744இல் கோபன்ஹேகனில் ஒரு மருந்து வணிகரிடம் இருப்பது தெரியவந்தது. அவற்றை ஆராய்ந்த லின்னேயஸ் 1747இல் 'புளோரா செய்லானிக்கா' நூலை வெளியிட்டார்.

லின்னேயஸ் 1753இல் தாமரையை அல்லியோடு சேர்த்து 'நிம்பேயா' என்ற கிரேக்கப் பெயரின் கீழ் வைத்தார். பிரெஞ்சு அறிஞர் அடன்சன் 1763இல் அதைத் தனி இனமாகப் பிரித்து, 'நெலும்' என்ற சிங்களப் பெயரிலிருந்து 'நெலும்போ' என்று பெயரிட்டார். அந்தப் பிரிப்பே சரி. தாமரையும் அல்லியும் நெருங்கிய உறவுச் செடிகள் அல்ல என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. ஹேர்மனின் ஐந்து தொகுதிகளும் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.