போலீஸைக் கூப்பிடு: ஒரு அறிவுரையின் வரலாறு

"வீட்ல அடிக்கிறானா? போலீஸைக் கூப்பிடு." எல்லாருக்கும் பொருந்துற அறிவுரை மாதிரிதான் தெரியுது இல்லையா? அமெரிக்காவின் கறுப்பினப் பெண்களுக்கு அது எப்படி வேலை செய்தது என்பதுதான் இன்றைய எபிசோட்.

1981, மினியாபொலிஸ். குடும்பச் சண்டை என்றால் போலீஸ் சமாதானம் பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிற காலம். லாரன்ஸ் ஷெர்மன், ரிச்சர்ட் பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நம்ம ஐடி பாஷையில் சொன்னால், ஒரு ஏ/பி டெஸ்ட் நடத்தினார்கள். அடித்தவனைக் கைது செய்வதா, சில மணி நேரம் வெளியே அனுப்புவதா, பேசி விடுவதா என்பது குலுக்கல் மாதிரி முடிவானது. 1984-ல் ரிசல்ட் வந்தது: கைது நடந்த வீடுகளில்தான் மறுபடி அடி விழுவது குறைவு. பெண்கள் இயக்கம் ஏற்கெனவே கேட்டு வந்ததுதான் இது. பல மாநிலங்கள் கைதைக் கட்டாயமாக்கின. "வீட்டு விஷயம்" என்று ஒதுங்கிய போலீஸை நகர வைத்தது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் 1987-88-ல் ஷெர்மன் இதையே மில்வாக்கியில் 1,200 வழக்குகளில் செய்து பார்த்தார். கைது அல்லது எச்சரிக்கை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். வேலையில் இருந்த ஆண்கள் கைதுக்குப் பிறகு அடங்கினார்கள். வேலை இல்லாதவர்களின் வன்முறை கூடியது.

இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து, பாதிக்கப்பட்ட அதே ஆட்களின் பெயர்களை இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். எச்சரிக்கையோடு விடப்பட்டவர்களின் துணைகளைவிட, கைதானவர்களின் துணைகள் இறந்திருந்தது 64 சதவீதம் அதிகம். பிரித்துப் பார்த்தால், வெள்ளையினத்தவரில் 9 சதவீதம், கறுப்பினத்தவரில் 98. பெரும்பாலும் கொலை இல்லை, இதய நோய் மாதிரியான மரணங்கள். சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே பட்டிருக்காது.

அதே மில்வாக்கியில் இன்னொரு சிக்கல். அந்தக் காலத்தில் ஒரு வீட்டிலிருந்து 30 நாளில் மூன்று முறை போலீஸுக்கு அழைப்பு போனால், அது "தொல்லை தரும் வீடு" என்று வீட்டு ஓனருக்கு நோட்டீஸ் வரக்கூடிய நிலை இருந்தது. மேத்யூ டெஸ்மண்ட், நிக்கோல் வால்டெஸ் இருவரும் இந்த நோட்டீஸ்களை ஆராய்ந்தார்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று குடும்ப வன்முறை அழைப்பால் வந்தது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குத்தான் அதிகம் போனது. பெரும்பாலான ஓனர்கள் காலி செய்ய வைத்தார்கள், அல்லது அப்படி மிரட்டினார்கள். அடி வாங்கியவள் உதவி கேட்டால், வீடும் போகலாம் என்ற நிலை இருந்தது!

அவள் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு, சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1991-ல் எழுதிய கட்டுரையில் ஒரு பதில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸிடம் அவர் பகுதிவாரியாகக் குடும்ப வன்முறைக் கணக்கு கேட்டார், தரவில்லை. "இவங்க இனமே இப்படித்தான்" என்று சொல்ல அந்தக் கணக்கு பயன்படும் என்ற பயம் சமூகத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு பெண் புகார் கொடுக்கும்போது அந்தப் பயமும் அவள் தோளில் ஏறுகிறது.

அதே ஊரின் தென்பகுதியில் 1980-லேயே ஒரு வேலை தொடங்கியிருந்தது. வன்முறையிலிருந்து மீண்ட ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனெஸ் சென்டரை ஆரம்பித்தார்கள். அது இன்றும் இயங்குகிறது. தங்க இடம், சட்ட உதவி, குழந்தைகளுக்கான ஆதரவு எல்லாம் அங்கே கிடைக்கும். போலீஸுக்கு போன் போட்டால் அவள் எதையெல்லாம் இழப்பாள் என்பதை விளக்க வேண்டிய அவசியமே இல்லாத இடம்.

உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண்தான், அதில் மாற்றமில்லை. ஆனா அடுத்த முறை ஒரு தோழி இதைச் சொல்லும்போது, "புகார் கொடு" என்பதற்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "புகார் கொடுத்தா நாளைக்கு உனக்கு என்ன ஆகும்?"

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.