பெரட்டுக்குப் போகையில் பார்த்த வெளிச்சம்: வானத்தை வைத்து ஆண்டைக் கணித்தல்

சென்ற மாதம் படிவம் நான்கு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், நேத்து ராத்திரி ஏழே முக்கா மணிக்கு வானத்துல ஒன்னு மின்னி மின்னிப் போச்சு. பிளேன் இல்ல, சத்தமே கேக்கல. அது என்ன டீச்சர்?"

அறிவியல் ஆசிரியரிடம் அனுப்பிவிடக்கூடிய கேள்விதான். ஆனால் இதற்குள் ஒரு வரலாற்றுப் பாடமும் இருக்கிறது. வானத்தில் கண்டது இன்னது என்று தெரிந்தால், அதைக் கண்ட காலத்தையும் ஓரளவு கணித்துவிடலாம். எழுத்துச் சான்று இல்லாத நம் தோட்டத்து நினைவுகளுக்கு ஆண்டு குறிக்க இது ஒரு நல்ல வழி.

ஏன் மின்னுகிறது?

விமானத்தில் விளக்கு உண்டு. துணைக்கோள் சூரிய ஒளியைத் திருப்பிக் காட்டுவதால்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஈப்போவில் வெயில் இறங்குவதற்கு முன்பே கிளேடாங் மலையுச்சியில் வெயில் படும் அல்லவா? பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் துணைக்கோள்மீது அந்த வெயில் இன்னும் முன்னதாகவே பட்டுவிடும். அதனால்தான் விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் அவற்றை நன்றாகப் பார்க்கலாம். நள்ளிரவில் தாழ்வான பாதையில் செல்பவை பூமியின் நிழலுக்குள் மறைந்துவிடும்.

கட்டுப்பாட்டில் உள்ள துணைக்கோள் பெரும்பாலும் சீரான ஒளியோடு நகரும். செயலிழந்த துணைக்கோளும் கழன்றுபோன ராக்கெட் பகுதியும் புரண்டுகொண்டே சுற்றும். அவற்றின் தட்டையான பக்கம் நம்மை நோக்கித் திரும்பும்போதெல்லாம் 'பளிச்' என்று ஓர் ஒளி. இரண்டு மின்னலுக்கு இடையே எத்தனை விநாடி என்பதை எண்ணி, அதையே அடையாளக் குறிப்பாக எழுதிவைக்கும் தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

காலம் காட்டும் வெளிச்சங்கள்

• 1957 அக்டோபர் 4: சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் 1. மலாயா சுதந்திரம் பெற்று ஐந்து வாரம்கூட நிறையவில்லை. 58 சென்டிமீட்டர் உருண்டையான அதைவிட, அதனோடு சுற்றிவந்த ராக்கெட் பகுதியே பலர் கண்ணிலும் பட்டது. அது டிசம்பர் 1-இல் அழிந்தது.

• 1960 ஆகஸ்ட் 12: அமெரிக்காவின் எக்கோ 1. சுமார் 30 மீட்டர் அகலமுள்ள பளபளப்பான பலூன். பிரகாசமாக, நிதானமாக நகரும். 1968 மே வரை சுற்றியது.

• 1997 முதல்: இரிடியம் துணைக்கோள்கள். கண்ணாடிபோன்ற அலைவாங்கிப் பலகைகளில் பட்ட ஒளி சில விநாடிகளுக்கு வெள்ளிக்கோளையும் மிஞ்சும். 2017 முதல் வந்த புதிய தலைமுறையில் அந்தப் பலகைகள் இல்லை.

• 2019 மே: ஸ்டார்லிங்க். ஏவப்பட்ட சில நாள்களுக்கு ரயில் பெட்டிகள்போல் வரிசையாகப் போகும்.

என் பாட்டியின் சாட்சி

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அவர் அடிக்கடி சொன்ன கதை இது:

"பெரிய மாமா வயித்துல இருந்தப்போ, விடியக்காலம் அஞ்சரை மணிக்குப் பெரட்டுக்குப் போனேன். பெரிய நட்சத்திரம் ஒன்னு மெதுவா நடந்து போச்சு. மின்னல, ஒன்னும் பண்ணல. கிராணி பேரு கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தெரிஞ்சிச்சு. காட்டுல உள்ளவங்க விடுற லைட்டுன்னு சொல்லி எல்லாரும் பயந்துட்டாங்க."

இதை எப்படி ஆராய்வது? பெரிய மாமாவின் பிறப்புப் பத்திரத்தில் 1961 ஜனவரி என்று இருக்கிறது. ஆகவே சம்பவம் 1960-இல் நடந்திருக்க வேண்டும். ஒளி சீரானது, பிரகாசமானது, பல நிமிடம் தெரிந்தது. மூன்றும் எக்கோ 1-க்குப் பொருந்துகின்றன. அப்போது வேறு துணைக்கோள்களும் சுற்றின. ஆகவே 'உறுதி' என்று எழுத மாட்டேன், 'பெரும்பாலும்' என்று எழுதுவேன். தேர்விலும் இந்த வேறுபாட்டைக் காட்டுங்கள்.

'பயந்துட்டாங்க' என்ற சொல்லும் சான்றுதான். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31-இல் முடிந்தது. எக்கோ ஏவப்பட்டது அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து. சட்டம் நீங்கியும் லயத்து மக்கள் மனத்தில் பயம் நீங்கவில்லை என்பதைப் பாட்டியின் ஒரு வாக்கியம் காட்டிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை: பாட்டி சொன்ன ஐந்தரை மணி இன்றைய ஐந்தரை அல்ல. 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. இன்றைய கணக்கில் அது ஆறு மணி.

ஸ்புட்னிக் காலத்தில் 'மூன்வாட்ச்' என்ற திட்டத்தின்கீழ் உலகின் பல இடங்களில் தன்னார்வலர்கள் துணைக்கோள்களின் நேரத்தையும் திசையையும் குறித்தார்கள். நம் மக்களோ தினமும் விடியலுக்கு முன் திறந்த வானத்தின்கீழ் நின்றார்கள். செக்ரோலில் அவர்கள் பெயர் ஏறியது; அவர்கள் பார்த்தது ஏறவில்லை. இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. 1960-இல் பெரட்டில் நின்றவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று நான் பாட்டியிடம் கேட்கவே இல்லை. இனி கேட்க முடியாது.

என் மாணவரும் திசையைக் குறிக்கவில்லை, விநாடியையும் எண்ணவில்லை. ஆனால் அவர் இன்று மாலை மறுபடியும் வெளியே போய்ப் பார்க்கலாம்.

வகுப்பறை நடவடிக்கை

குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுக:
1. வானத்தில் என்ன பார்த்தீர்கள்? மின்னியதா, சீராக நகர்ந்ததா?
2. எந்த நேரம்? எந்தத் திசை? எவ்வளவு நேரம் தெரிந்தது?
3. அப்போது வீட்டில் பிறப்பு, திருமணம், இடமாற்றம் ஏதாவது நடந்ததா?
4. சுற்றியிருந்தவர்கள் அதை என்னவென்று சொன்னார்கள்?

பதிலை அவர்கள் பேசியபடியே எழுதுங்கள். திருத்த வேண்டாம்.