விலாங்குத் தோலில் தொடங்கிய குழாய்

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தொடங்கிக் கொஞ்ச நாளில் பெரியப்பாவால் தண்ணிகூட விழுங்க முடியேல்லை. மூக்கால குழாய் போடவேணும் எண்டு டொக்டர் சொன்னதும் வீட்டில எல்லாரும் அமைதியாகிவிட்டோம். குழாய் போட்டால் ஆள் முடிஞ்சுது எண்டுதானே எங்கட ஊரில கதை. பெரியப்பா மட்டும் கொப்பியில் எழுதிக் கேட்டார்: "உதை ஆர் கண்டுபிடிச்சது?" அதற்காகத்தான் தேடத் தொடங்கினோம்.

1790இல் லண்டனில் ஜோன் ஹன்டர் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒருவர் வந்தார். இப்ப மாதிரிக் குழாய் இல்லாத காலம். ஹன்டர் விலாங்கு மீனின் தோலை உரித்து, வளையக்கூடிய திமிங்கலத் தண்டொன்றின் மேல் போர்த்தி, தொண்டை வழியாக இறக்கினார். தண்ணியில் அடித்த முட்டை, பால், சீனி, வைன், அதோடு மருந்தும் அதற்குள்ளால் போனது. அந்த மனிதர் செத்துப்போகவில்லை. விழுங்கும் சக்தி திரும்பி வாயால் சாப்பிட்டார். ஹன்டர் இதை 1793இல் எழுதி வெளியிட்டார். இதை வாசித்துக் காட்டினபோது பெரியப்பா விலாங்குத் தோலுக்கு முகத்தைச் சுழித்தார். பிறகு தன்ர குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

இந்த வரலாற்றுக்கு அசிங்கமான பக்கமும் உண்டு. 1909இல் பிரித்தானியச் சிறைகளில் வாக்குரிமை கேட்டு உண்ணாவிரதம் இருந்த பெண்களைப் பிடித்து அமத்தி, இதே மாதிரிக் குழாயைத் திணித்தார்கள். அதை வாசித்த பிறகு எங்களுக்கும் உறுத்தியது. பெரியப்பாவிடம் கேக்காமலே எத்தினை தரம் ஊத்தியிருக்கிறம்? அண்டையில இருந்து "தரட்டோ?" எண்டு கேட்டு, அவர் தலையாட்டின பிறகுதான் சிரிஞ்சை எடுத்தோம்.

கனகாலம் குழாய் தேவையானவர்களுக்கு அதை நேரே வயிற்றில் வைப்பார்கள். முந்தி அதற்கு வயிற்றை வெட்டித் திறக்கவேணும். 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் கோடரர், பொன்ஸ்கி என்ற இருவர் எண்டோஸ்கோப்பின் உதவியுடன், வயிற்றைத் திறக்காமலே அதைச் செய்து காட்டினார்கள்.

வீட்டில் நாங்கள் படிச்சது அடிபட்டுத்தான். முதல் கிழமையே வடிக்காத கஞ்சியால் குழாய் அடைத்து, ராவோடு ராவாக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதுக்குப் பிறகு எல்லாம் துணியால் வடித்துத்தான். ஊத்த முன்னும் பின்னும் தண்ணி. குளிசைகளை எதைத் தூளாக்கலாம் எண்டு கேட்டுத் தனித்தனியாக. மூக்கடியில் போட்ட அடையாளம் கொஞ்சம் அசைந்திருந்தாலும் ஒண்டும் ஊத்தக்கூடாது, குழாய் நுரையீரல் பக்கம் போயிருக்கலாம். சாய்ந்து இருந்தபடிதான் குடுக்கவேணும். முடிஞ்சும் அரை மணித்தியாலமாவது படுக்கக்கூடாது. வாயால் சாப்பிடாவிட்டாலும் வாயைக் கழுவவேணும், இதைத்தான் கனபேர் மறந்துபோறது. விழுங்கும் பயிற்சியையும் சொல்லித் தந்தார்கள். தொண்டைத் தசை சும்மா கிடந்தால் பலம் குறைந்துவிடுமாம்.

குழாய் எடுத்த பிறகு பெரியப்பா முதல் கேட்டது பிளேன்ரீ. ஆற வைத்துக் குடுத்தோம். ருசி ஒண்டும் தெரியேல்லை எண்டார். ஆனால் கோப்பையை முடிச்சுப்போட்டுத்தான் கீழ வைத்தார்.