மோட்டார் வாகன விபத்து இழப்பீடு

மோட்டார் வாகன விபத்து இழப்பீடு என்பது சாலை விபத்தில் காயமடைந்தவருக்கோ இறந்தவரின் குடும்பத்துக்கோ, பொறுப்பாளியான வாகனத்தின் உரிமையாளரும் அதன் காப்பீட்டு நிறுவனமும் கொடுக்க வேண்டிய தொகை. மக்கள் இதை நஷ்டஈடு என்பார்கள். தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் ‘எம்.சி.ஓ.பி.’ என்றால் இந்த இழப்பீட்டைக் கேட்கும் மனுதான். 2022இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாயின. 1,68,491 பேர் இறந்தனர். 4,43,366 பேர் காயமடைந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. காயமடைந்தவர் கட்டிலில் கிடக்கும் மாதங்களில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் நிற்பதில்லை. அந்தச் சுமையை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இரண்டு நூற்றாண்டுகளாகச் சிறிது சிறிதாக எழுதப்பட்ட விடையே இந்தச் சட்டம்.

குதிரை வண்டிக் காலம்

மோட்டார் வருவதற்கு முன்பே இதன் அடிப்படைக் கேள்விகள் இங்கிலாந்தில் எழுந்துவிட்டன. 1808இல் பயணிகள் குதிரை வண்டி ஒன்று கவிழ்ந்தது. அதில் இருந்த ஒருவர் காயமடைந்தார். அவருடைய மனைவி ஒரு மாதம் கழித்து இறந்தார். மனித உயிரின் இழப்பை உரிமையியல் நீதிமன்றத்தில் முறையிட முடியாது என்றார் நீதிபதி எல்லன்பரோ பிரபு. மனைவி உயிரோடு இருந்த நாள் வரையிலான இழப்பு மட்டுமே கணக்கில் வந்தது. காயப்படுத்தியவர் பணம் கொடுக்க வேண்டும், கொன்றவர் கொடுக்க வேண்டியதில்லை என்ற கொடுமையான நிலை இதனால் உருவானது.

அடுத்த ஆண்டே அதே நீதிபதி முன் இன்னொரு வழக்கு வந்தது. டெர்பி நகரில் வீட்டைப் பழுதுபார்த்தவர் சாலையின் குறுக்கே ஒரு கழியைப் போட்டிருந்தார். குதிரையில் விரைந்து வந்தவர் அதில் மோதி விழுந்தார். அவர் நிதானமாக வந்திருந்தால் கழியைப் பார்த்திருக்கலாம் என்று கூறி, அவருக்கு ஒன்றும் கிடையாது என்று தீர்ப்பானது. காயமடைந்தவரிடம் சிறு தவறு இருந்தாலும் முழு இழப்பீடும் போய்விடும் என்ற இந்த விதி நெடுங்காலம் நீடித்தது. தவறைப் பங்கிட்டு, அந்த அளவுக்கு மட்டும் தொகையைக் குறைக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1945இல்தான் வந்தது.

ரயில் விபத்துகள் பெருகியபோது, உயிரிழப்புக்கு இழப்பீடு இல்லை என்ற முதல் விதி தாங்கவில்லை. 1846இல் நிறைவேறிய காம்பெல் பிரபு சட்டம், இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு வழக்குத் தொடரும் உரிமையைக் கொடுத்தது. அதைப் பின்பற்றி இந்தியாவில் 1855ஆம் ஆண்டின் உயிர்ச்சேத விபத்துகள் சட்டம் வந்தது.

காப்பீடு கட்டாயமாதல்

இந்திய மோட்டார் வாகனங்கள் சட்டம் 1914இல் இயற்றப்பட்டது. அதன் இடத்தை 1939ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்தது. காயமடைந்தவர் வழக்கில் வென்றாலும், வண்டிக்காரரிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்பு வெறும் தாள்தான். இங்கிலாந்து 1930இலேயே மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை 1 முதல் அதைக் கட்டாயமாக்கியது. இன்றும் வண்டி வைத்திருப்பவர்கள் ‘தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்’ என்று கட்டுவது இதைத்தான். வண்டிக்கு உரியவரும் காப்பீட்டு நிறுவனமும் ஒப்பந்தத்தின் இரு தரப்புகள். சாலையில் அடிபடும் முகமறியாத மனிதரே மூன்றாமவர். அவருக்காகவே இந்தக் காப்பீடு இருக்கிறது.

பழைய சட்டத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு இருந்தது. 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனங்கள் சட்டம், மூன்றாம் நபரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அந்த வரம்பை நீக்கியது.

தீர்ப்பாயம்

நீண்ட காலம் வரை விபத்து வழக்கும் மற்ற உரிமையியல் வழக்குகளைப் போலவே நடந்தது. கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கை கால் ஒடிந்து வருமானம் நின்ற ஒருவரால் இது முடியாத காரியம். 1956ஆம் ஆண்டுத் திருத்தம், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களை அமைக்க வழி செய்தது. தீர்ப்பாயம் இருக்கும் இடத்தில் உரிமையியல் நீதிமன்றம் இந்த வழக்கைத் தொட முடியாது. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமே இந்தப் பணியைச் செய்கிறது. மற்ற மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றங்களும் சார்பு நீதிமன்றங்களும் செய்கின்றன. விபத்து நடந்த ஊருக்கே போக வேண்டியதில்லை. மனுதாரர் தாம் வசிக்கும் இடத்திலுள்ள தீர்ப்பாயத்தை நாடலாம் என்ற வசதியை 1994ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது.

தவறு யாருடையது

முழு இழப்பீடு கேட்பவர், எதிர்வண்டியின் ஓட்டுநர் கவனக்குறைவாக ஓட்டினார் என்பதைக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கை, காவல்துறை வரையும் மாதிரி வரைபடம், பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை, கண்ணால் கண்டவரின் சாட்சியம் ஆகியவை இதற்கு ஆதாரங்கள். அரசு மருத்துவமனையில் காயமடைந்தவரைச் சேர்த்தவுடன் எழுதப்படும் விபத்துப் பதிவேடும் முக்கியமானது. எந்த வண்டி, எங்கே, எப்படி என்று அதில் பதிவாகும் இரண்டு வரிகள் பல ஆண்டுகள் கழித்தும் குறுக்கு விசாரணையில் எடுத்துப் படிக்கப்படும்.

குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமில்லாத மெய்ப்பிப்பு வேண்டும். தீர்ப்பாயத்துக்கோ எது நடந்திருக்கக் கூடும் என்ற நிகழ்தகவின் எடை போதும். இந்த வேறுபாட்டை அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற 1980ஆம் ஆண்டு என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில் வந்தது. இருட்டிய பிறகு சென்ற ஒரு பேருந்து, தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் உராய்ந்தது. 26 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 8 பேர் அங்கேயே இறந்தனர். குற்றவியல் நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்தது. அதனால் இழப்பீட்டுப் பொறுப்பு மறைந்துவிடாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். நுணுக்கமான குறைகளைக் காட்டிப் பாதிக்கப்பட்டோரைத் தீர்ப்பாயங்கள் வெறுங்கையுடன் அனுப்பக்கூடாது என்றும் அவர் எச்சரித்தார்.

இரு பக்கமும் தவறு இருந்தால், காயமடைந்தவரின் பங்கு எவ்வளவோ அந்தச் சதவீதம் கழிக்கப்படும். இது பங்களிப்புக் கவனக்குறைவு. ஆனால் சட்டத்தை மீறினார் என்பதாலேயே ஒருவர் விபத்துக்குக் காரணமாகிவிட மாட்டார். ஓட்டுநர் உரிமம் இல்லாததையே கவனக்குறைவாகக் கொள்ள முடியாது என்று 2008இலும், இருசக்கர வாகனத்தில் மூவர் சென்றதும் விபத்துக்குக் காரணமாக இருந்தால்தான் கணக்கில் வரும் என்று 2020இலும் உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டு வண்டிகளின் தவறால் மூன்றாமவர் காயமடைவது வேறு. அவர் இரு வண்டித் தரப்பில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் பெறலாம் என்று 2015இல் முடிவானது. பேருந்தும் லாரியும் மோதும்போது நடுவில் உட்கார்ந்திருந்த பயணி, யார் பங்கு எவ்வளவு என்ற சண்டையில் காத்திருக்க வேண்டியதில்லை.

தவறு கேளாத இழப்பீடு

கவனக்குறைவை மெய்ப்பிக்காமல் இழப்பீடு கிடையாது என்று 1977இல் நீதிபதி பி.எஸ். கைலாசம் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கூறியது. சாட்சி இல்லாத இரவுச் சாலையில் அடிபட்டவருக்கு அது பூட்டிய கதவு. மோதிவிட்டு நிற்காமல் ஓடும் வண்டிகளைப் பற்றிச் சட்ட ஆணையம் 1972லேயே தனது 51ஆம் அறிக்கையில் கவலை தெரிவித்திருந்தது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவைச் சிறிது திறந்தது. தவறு யாருடையது என்று கேட்காமல் உயிரிழப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய் என்று அது நிர்ணயித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவை 25,000, 12,000 ஆயின. 1994இல் 50,000, 25,000 ஆயின. ஆண்டு வருமானம் 40,000 ரூபாய்க்கு உட்பட்டோருக்கு அட்டவணைப்படி தொகை தரும் 163-ஏ பிரிவும் 1994இல்தான் வந்தது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இவற்றை நீக்கி, 164ஆம் பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று வைத்தது. அடையாளம் தெரியாத வண்டி மோதிச் சென்றால் முறையே 2 லட்சமும் 50,000மும் கிடைக்கும். இவை 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இதற்கு மேல் தமது உண்மையான இழப்பு முழுவதையும் கேட்பவர் இன்றும் 166ஆம் பிரிவின்கீழ்ச் சென்று தவறை நிறுவ வேண்டும்.

காயத்தை அளத்தல்

உடைந்த காலுக்கு எத்தனை ரூபாய் என்று எந்தச் சட்டமும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. மருத்துவச் செலவு, வாகனச் செலவு, ஊட்டச்சத்து உணவு, உடனிருந்து கவனித்த உதவியாளர், வேலைக்குப் போகாத காலத்தின் வருமானம், எதிர்கால மருத்துவம், வலியும் வேதனையும், வாழ்க்கையின் இன்பங்களை இழந்தமை எனத் தலைப்புகள் தனித்தனியாகப் பார்க்கப்படுகின்றன. நடக்க முடியாத தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாததும் இழப்புதான் என்று ஏற்கும் அளவுக்குச் சட்டம் வளர்ந்திருக்கிறது.

இதில் திருப்புமுனை நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு. உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று அது பிரித்தது. இடது கையை இழந்தவருக்கு மருத்துவர் 60 சதவீத ஊனம் என்று சான்றளிக்கலாம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பின் இழப்பு ஏறத்தாழ 100 சதவீதம். அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம். அதனால் தீர்ப்பாயம் சான்றிதழைப் பார்த்ததோடு நிற்காமல், அந்த மனிதர் விபத்துக்கு முன் என்ன செய்தார், இனி என்ன செய்ய முடியும் என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு ரூபாய் என்று கட்டும் வழக்கமும் உண்டு. பிழைப்பைப் பாதிக்காத காயத்துக்கு அது பொருந்தும். உடலுழைப்பில் வாழ்பவரின் வழக்கை அந்தக் கணக்கில் முடிப்பது அநீதி.

பிழைப்பின் இழப்பைக் கணக்கிட, ஆண்டு இழப்பை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும் பெருக்கெண் முறை கையாளப்படுகிறது. 1994இல் கேரள சாலைப் போக்குவரத்துக் கழக வழக்கில் உறுதிப்பட்ட இம்முறைக்கு, 2009இல் டெல்லி போக்குவரத்துக் கழக வழக்கில் தெளிவான அட்டவணை கிடைத்தது. 15 முதல் 25 வயதுக்கு 18. 36 முதல் 40க்கு 15. 46 முதல் 50க்கு 13. 65க்கு மேல் 5. வருமானம் காலப்போக்கில் உயரும் என்பதையும் சேர்க்க வேண்டும் என்று 2017இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு கூறியது. சுயதொழில் செய்வோருக்கு 40 வயதுக்குக் கீழ் 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25 சதவீதம், 50 முதல் 60 வரை 10 சதவீதம் கூட்டப்படும். காயமடைந்து பிழைத்தவருக்கும் இது உண்டு என்று 2020இல் உறுதியானது.

ஓர் எடுத்துக்காட்டு: 38 வயதுக் கொத்தனார் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார், தொழில் திறனில் 40 சதவீதம் இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. அதோடு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அதில் 40 சதவீத இழப்பு 1,00,800. அதை 15ஆல் பெருக்கினால் 15,12,000 ரூபாய். மருத்துவச் செலவும் மற்றத் தலைப்புகளும் இதற்கு மேல்.

அரசுப் பேருந்தும் ஜப்தியும்

அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற வழியுண்டு. அப்போது இழப்பீட்டுக்கென்று தனி நிதி வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தீர்ப்பான தொகை கழகத்திடமிருந்து வராமல் போகும்போது மனுதாரர் நிறைவேற்று மனு போடுகிறார். நீதிமன்ற ஊழியர் பேருந்து நிலையத்துக்கு வந்து பேருந்தை ஜப்தி செய்கிறார். நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தி இது. வென்ற பிறகும் பணத்துக்காக இன்னொரு முறை நீதிமன்றப் படியேற வேண்டியிருப்பது, இந்த அமைப்பில் இன்னும் ஆறாத புண்.

இன்றைய நிலை

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் காவல்துறை தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும் என்று 2022இல் விதிகள் வந்தன. சிகிச்சையின் சுமையும் ஓரளவு சமூகத்தின் தோளுக்கு மாறியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. ஒன்றிய அரசின் 2025ஆம் ஆண்டுத் திட்டம் 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது.

இவ்வளவு முன்னேற்றத்துக்கு நடுவே ஒரு பின்னடைவும் உண்டு. 1994இல் நீக்கப்பட்டிருந்த மனுத்தாக்கல் காலவரம்பு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆறு மாதமாகத் திரும்பி வந்துவிட்டது. எலும்பு கூடவே ஆறு மாதம் ஆகும் மனிதருக்கு இது மிகக் குறுகிய காலம். ஆகவே விபத்தில் சிக்கியவரின் வீட்டார் முதல் தகவல் அறிக்கை நகலையும் விபத்துப் பதிவேட்டின் நகலையும் உடனே வாங்க வேண்டும். மருந்துக் கடைச் சீட்டு முதல் ஆட்டோ வாடகை வரை எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுக வேண்டும். ஆறு மாதம் முடிவதற்குள் மனு தீர்ப்பாயத்தில் இருக்க வேண்டும்.