பாரீஸில் மூன்று தொட்டி!

திருத்தணி மலையேறியிருக்கிறீர்களா? வருஷத்தின் நாட்களைப் போலவே 365 படிகள். ஆடிக் கிருத்திகை வந்தால் படி தெரியாது, பூக்காவடிதான் தெரியும்! தமிழும் தெலுங்குமாகக் கூட்டம் இறங்கிப் போனதும் மிச்சமிருப்பது வாடிய பூ, வாழையிலை, தேங்காய் நார்... ஊடே பிளாஸ்டிக் கவர்.

பூவும் இலையும் மட்டும் என்றால் கவலையே இல்லை. மண் தின்றுவிடும். கிராமத்தில் 'குப்பை' என்றாலே எருதான். பின்கட்டில் ஒரு குழி. சாணி, சாம்பல், காய்கறித் தோல் எல்லாம் அதில் விழும். மக்கியதும் மாட்டுவண்டியில் ஏற்றி வயலுக்குக் 'குப்பை அடிப்பார்கள்'. குழி பெரிசாக இருந்தால் மாடு கன்று உள்ள வீடு என்று அர்த்தம்!

டவுனில்தான் அந்தச் சொல் கெட்டுப்போச்சு. பின்கட்டும் குழியும் போனபின், எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத் தெருவில் கொட்டினோம்.

பாரீஸுக்கும் இதே தலைவலி இருந்தது. அங்கே யூஜீன் பூபெல் என்றொரு அதிகாரி. நம்ம கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1883 நவம்பரில் ஓர் உத்தரவு போட்டார். கட்டடச் சொந்தக்காரர்கள் வாசலில் மூடி போட்ட தொட்டி வைக்க வேண்டும். ஒன்றல்ல, மூன்று! மக்குவது ஒன்றில், காகிதமும் துணியும் ஒன்றில், பீங்கான், கண்ணாடி, சிப்பி ஓடு ஒன்றில். (சிப்பி என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு உயிர்!)

1884 ஜனவரியில் அமலானதும் ஊரே கொதித்தது. சொந்தக்காரர்களுக்குச் செலவுக் கவலை. குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களுக்கோ சோற்றுக் கவலை. அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. எரிச்சலில் தொட்டிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இன்றும் பிரெஞ்சில் குப்பைத்தொட்டி என்றால் 'பூபெல்'தான்! தொட்டி நிலைத்தது. பிரித்துப் போடும் வழக்கம்தான் நிலைக்கவில்லை.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் கழித்து, 1888-ல்தான் திருத்தணியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறக்கிறார். அவ்வளவு பழைய கதை.

நம்மை உலுக்க 1994 வர வேண்டியிருந்தது. சூரத்தில் பிளேக்! ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அடுத்த வருஷம் கமிஷனராக வந்த எஸ்.ஆர்.ராவ், நாறிக் கிடந்த அந்த ஊரைப் பளிச்சென்று ஆக்கிக் காட்டினார். 1996-ல் அல்மித்ரா படேல் என்ற பெண்மணி குப்பைக்காக சுப்ரீம் கோர்ட் படியேறினார். 2000-ல் விதிகள் வந்தன. 2016-ல் வந்த புது விதிகள், வீட்டிலேயே பிரிக்கச் சொல்லின. மக்குவது, மக்காதது, ஆபத்தானது... எண்ணிப் பாருங்கள், மறுபடி மூன்று! பூபெல் சொல்லி 132 வருஷம் கழித்து.

சரி, நாம் பிரிக்காவிட்டால் யார் பிரிப்பது? திருத்தணியோ, சென்னையோ, காலையில் விசில் ஊதிக்கொண்டு வண்டி தள்ளி வருகிறாரே ஒரு அம்மா, அவர்தான். நீங்கள் முடிச்சுப் போட்டுக் கொடுத்த கவரை அவிழ்க்கிறார். நேற்றைய சாம்பார் சாதம், அதில் ஊறிய பேப்பர், அடியில் உடைந்த டியூப்லைட், தாத்தாவுக்குப் போட்ட இன்சுலின் ஊசி. கையை விட்டுத்தான் துழாவ வேண்டும்.